பெற்றவள் மட்டுமா வளர்க்கிறாள்?

1979ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மக்கள்தொகை ஆய்வாளர் ஜான் கால்டுவெல் (திருநெல்வேலியில் வாழ்ந்து ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் அல்ல, இவர் வேறு) நைஜீரியாவில் எடுத்த கணக்குகளை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். எந்த வீட்டுக் குழந்தை பிழைக்கிறது, எந்த வீட்டுக் குழந்தை சாகிறது என்பதுதான் அவர் கேள்வி. தகப்பனுடைய வேலை, அவருடைய படிப்பு, குடியிருப்பது நகரமா கிராமமா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றையும்விட ஓங்கி நின்றது ஒரே விஷயம்: தாய் பள்ளிக்கூடம் போனவளா, இல்லையா.

வசதியான வீட்டுப் பெண்தானே படித்திருப்பாள், வசதிதானே பிள்ளையைக் காப்பாற்றுகிறது என்று யாரும் கேட்கலாம். கால்டுவெல்லும் அதைக் கேட்டுக்கொண்டார். வசதியைக் கழித்துப் பார்த்த பிறகும் தாயின் படிப்பு தனித்து நின்றது. அதற்கு அவர் சொன்ன காரணங்கள்தான் எனக்கு முக்கியம். பாடப்புத்தகத்தில் படித்த சுகாதாரப் பாடம் பிள்ளையைக் காப்பாற்றியது என்று அவர் சொல்லவில்லை. படித்த பெண் நோயை விதி என்று விட்டுவிடுவதில்லை. மருத்துவமனையில் அவள் பேச்சுக்கு மருத்துவர் காது கொடுக்கிறார். வீட்டில் மாமியாரும் கணவனும் அவளிடம் கொஞ்சம் இறங்கி வருகிறார்கள், பிள்ளைக்கு எதை எப்போது கொடுப்பது என்று அவளே முடிவு செய்கிறாள். இதுதான் அவர் விளக்கம். பள்ளிக்கூடம் அவளுக்குக் கொடுத்தது வீட்டிலும் வெளியிலும் ஓர் இடம்.

அந்தக் கட்டுரையோடு சண்டையும் வந்தது. 1998இல் சோனால்டே தேசாயும் சௌமியா ஆல்வாவும் பல நாடுகளின் கணக்குகளைப் புரட்டி, கணவனின் படிப்பு, குழாய்த் தண்ணீர், கழிப்பறை, குடியிருக்கும் ஊர் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால் தாயின் படிப்புக்கு இருந்த மகிமை பெருமளவு கரைந்துவிடுகிறது என்றார்கள். தடுப்பூசி போடுவதில் மட்டும் அது ஓரளவு தாக்குப்பிடித்தது. 2010இல் லான்செட் மருத்துவ இதழில் 175 நாடுகளின் கணக்கு வந்தது. 1970க்கும் 2009க்கும் இடையில் தவிர்க்கப்பட்ட 82 லட்சம் குழந்தை இறப்புகளில் பாதியைப் பெண்களின் கல்வி உயர்வோடு இணைத்துச் சொன்னது அது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண் ஒன்றும் இல்லை. படித்த தாய், தண்ணீர் வரும் தெருவில், மருந்து இருக்கும் ஊரில் இருந்தால் பிள்ளை பிழைக்கிறது. தெருவில் ஒன்றும் இல்லாதபோது அவள் படிப்பு எவ்வளவு தூரம்தான் போகும்?

தாய்மையைப் பற்றி நம்மிடம் புகழ்மொழிக்குக் குறைவே இல்லை. பிளஸ் டூவில் முதலிடம் வாங்கிய பிள்ளையின் அம்மாவுக்கு வாயில் லட்டு ஊட்டிப் படம் எடுக்கிறோம். அதே தெருவில் ஒரு பிள்ளை தவறிப்போனால் ‘வளர்த்த லட்சணம்’ என்று சொல்வதும் அவளைப் பார்த்துத்தான். இந்தப் புகழும் பழியும் ஒரே நம்பிக்கையிலிருந்து வருகின்றன: பிள்ளை எப்படி ஆகிறது என்பது தாய் ஒருத்தியின் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கை. எழுபது, எண்பது ஆண்டுகளாகப் பல துறைகளில் நடந்த ஆய்வுகளைப் படித்தபோது எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். தாயின் பங்கு மிகப் பெரிது. ஆனால் ஒரு தாய்க்கும் இன்னொரு தாய்க்கும் பாசத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. அவளுக்குக் கிடைத்த சோறு, ஓய்வு, படிப்பு, சொல்லுக்கான மதிப்பு, கூட நிற்கும் ஆட்கள் ஆகியவற்றில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பிள்ளைகளின் வாழ்க்கையில் தெரிவது அந்த வித்தியாசம்.

வயிற்றில் இருக்கும்போதே இது தொடங்கிவிடுகிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45இல், நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு வருவதை ஜெர்மன் படை தடுத்தது. ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்களில் ஓர் ஆளுக்குக் கிடைத்த ரேஷன் ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே போனது. போர் முடிந்ததும் உணவு வந்துவிட்டது. பஞ்சம் சில மாதங்களோடு முடிந்தது. ஆனால் அந்த மாதங்களில் கருவில் இருந்தவர்களை ஐம்பது வயதில் பரிசோதித்தபோது, உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் அவர்களுக்குக் குறைந்திருந்தது. பஞ்சத்தின் நடுவே கருவானவர்களிடம் இதய நோயும் கூடுதலாகத் தெரிந்தது. தாய் பட்டினி கிடந்த சில வாரங்கள் பிள்ளையின் உடம்பில் அரை நூற்றாண்டு தங்கியிருந்தன.

நமக்கு நெருக்கமான சான்று புனேயில் இருக்கிறது. அங்குள்ள கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் அவர் குழுவும் 1990களிலிருந்து சுற்றுவட்டாரக் கிராமத் தாய்மார்களையும் அவர்கள் பிள்ளைகளையும் தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். அந்தக் கிராமங்களில் பிறந்த குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைந்த நம் குழந்தைக்குச் சதை குறைந்திருந்தது, கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும் இந்தியருக்கு நாற்பது வயதிலேயே சர்க்கரை வருவதன் வேர் இங்கே இருக்கலாம் என்பது யாக்னிக்கின் வாதம். கருவுற்ற பெண்களில் பலருக்கு வைட்டமின் பி12 குறைவாக இருந்ததையும் அவர்கள் கண்டார்கள்.

இதைப் படித்துவிட்டு, கர்ப்பிணி என்ன சாப்பிட வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டு அவள் கையில் கொடுப்பது சுலபம். அவள் உடம்பு இந்த ஒன்பது மாதத்தில் தயாரானதல்ல. அவள் எட்டு வயதில் தம்பிக்கு முட்டை போக மிச்சம் சாப்பிட்டவள், பதினைந்து வயதில் மாதவிலக்கோடு ரத்தம் குறைந்து கிறுகிறுத்தவள், கல்யாணமாகிப் போன வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பின் சட்டியைச் சுரண்டியவள். 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிலும் பாதிக்கு மேல். ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கும் மாநிலம் இது. கட்டிலும் மருத்துவரும் வந்துவிட்டார்கள். ரத்தம் இன்னும் ஊறவில்லை. தாய் பிள்ளையை உருவாக்குகிறாள் என்று சொல்லும்போது, அந்தத் தாயை எட்டு வயதில் யார் என்ன கொடுத்து வளர்த்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

அடுத்து அரவணைப்பு. 1945இல் ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர் இரண்டு இடங்களை ஒப்பிட்டார். ஒன்று, சுத்தமும் உணவும் மருத்துவக் கவனிப்பும் குறைவில்லாத குழந்தைகள் இல்லம். எட்டுக் குழந்தைக்கு ஒரு செவிலி. இன்னொன்று, பெண்கள் சிறையோடு ஒட்டிய குழந்தைகள் பிரிவு. கைதித் தாய்மார்களே தங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். சிறைக் குழந்தைகள் ஓடி விளையாடினார்கள். இல்லத்துக் குழந்தைகள் கூரையைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார்கள். இரண்டாண்டில் அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறந்துபோனார்கள். பால் கொடுத்தார்கள், துணி மாற்றினார்கள், தூக்கிக் கொஞ்ச ஆள் இல்லை.

இந்தத் தடத்தில் வந்த பெரிய பெயர் ஜான் பௌல்பி. போரில் வீடும் பெற்றோரும் இழந்த பிள்ளைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் அவர் எழுதிய அறிக்கை, தாயைப் பிரிந்த குழந்தையின் மனம் எப்படிச் சிதைகிறது என்று உலகத்துக்குச் சொன்னது. அவரோடு வேலை செய்த ஜேம்ஸ் ராபர்ட்சன், லண்டன் மருத்துவமனையில் எட்டு நாள் தனியாகக் கிடந்த இரண்டு வயதுக் குழந்தையைப் படம் பிடித்து 1952இல் திரையிட்டார். அந்தக் காலத்து இங்கிலாந்து மருத்துவமனைகளில் பெற்றோர் பிள்ளையோடு தங்க முடியாது. பார்வை நேரத்தில் வந்து போவதோடு சரி. அந்தப் படமும் அதைத் தொடர்ந்த விவாதமும் அந்த விதிகளை உடைத்தன. நம் ஊர்ப் பிள்ளை வார்டில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துத் தாயும் பாட்டியும் கிடப்பார்கள். இடநெருக்கடி என்று நாம் சலித்துக்கொள்ளும் அந்தக் காட்சியை அடைய மேலைநாட்டு மருத்துவம் ஒரு போராட்டம் நடத்த வேண்டியிருந்தது.

குறைமாதக் குழந்தைகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனையில் இன்குபேட்டர் போதாத நெருக்கடியில், டாக்டர் எட்கர் ரே குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டி வைக்கும் வழியைத் தொடங்கினார். ஏழை மருத்துவமனையின் சமாளிப்பு என்று கருதப்பட்டது அது. 2021இல் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் 3,211 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், பிறந்த உடனேயே தாயின் மார்பில் சேர்த்த குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். நிலைமை சீரான பிறகே சேர்த்தவர்களில் 15.7 சதவீதம்.

தாய்தான் எல்லாம் என்று முடித்துவிடலாமா? பௌல்பியைப் படித்தவர்கள் பலர் அப்படித்தான் முடித்தார்கள். தாய் வேலைக்குப் போகக் கூடாது, காப்பகம் பிள்ளையைக் கெடுக்கும் என்றெல்லாம் அவர் பெயரைச் சொல்லிப் பேசினார்கள். தாயோ, தாயின் இடத்தில் நிலையாக இருப்பவரோ என்றுதான் அவர் எழுதியிருந்தார். பிள்ளைகளை மதிக்கும் சமூகம் பெற்றோரைத் தாங்க வேண்டும் என்ற கருத்தும் அதே அறிக்கையில் உண்டு. அதை எடுத்துச் சொன்னவர்கள் குறைவு. 1972இல் மைக்கேல் ரட்டர் அந்த ஆய்வுகளை எல்லாம் மறுபடி அலசினார். தாயைப் பிரிவது, பாசமே கிடைக்காமல் போவது, வீட்டில் ஓயாத சண்டை ஆகியவை வேறுவேறு துன்பங்கள், எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடைத்தது தவறு என்று காட்டினார்.

தீர்மானமான சான்று ருமேனியாவிலிருந்து வந்தது. சௌஷெஸ்கு ஆட்சி விட்டுப்போன அனாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை 2000ஆம் ஆண்டிலிருந்து சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகியோர் தொடர்ந்து பார்த்தார்கள். பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகளின் அறிவும் பேச்சும் மன உறவும் இல்லத்தில் தங்கியவர்களைவிட நன்றாகத் தேறின. இரண்டு வயதுக்கு முன் போனவர்களுக்குப் பல விஷயங்களில் பலன் கூடுதல். அவர்களைத் தூக்கி வளர்த்தது பெற்ற தாய் அல்ல, நிலையாகக் கூட இருந்த ஒருவர். குழந்தைக்கு அப்படி ஒருவர் வேண்டும். பெரும்பாலும் அது தாய். தாயாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதில்லை.

இந்த வேறுபாட்டை மறந்ததால் நடந்த கொடுமையை எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வராது. 1943இல் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பார்த்து ஆட்டிசத்தை விவரித்தார். அடுத்த சில ஆண்டுகளில், பாசமில்லாத, உறைந்துபோன தாயால்தான் இந்த நிலை வருகிறது என்ற பேச்சு பரவியது. புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் அதற்கு வேதம்போல் ஆனது. இருபது ஆண்டுகளுக்கு மேல், பேசாத பிள்ளையை இடுப்பில் சுமந்து மருத்துவரிடம் போன தாய்க்குக் கிடைத்த பதில், ‘உன்னால்தான்’ என்பது. தானே ஆட்டிசப் பிள்ளையின் தகப்பனான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இலேயே இது மூளையோடு தொடர்புடையது என்று எழுதினார். 1977இல் இரட்டைக் குழந்தைகளை வைத்து சூசன் ஃபோல்ஸ்டைனும் ரட்டரும் செய்த ஆய்வு மரபணுவின் பங்கைக் காட்டியது. உளப்பிளவு நோய்க்கும் இதேபோல் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய கோட்பாடு ஒன்று இருந்தது.

மேலைநாட்டு மருத்துவ நூல்களிலிருந்து அந்தக் கோட்பாடு போய்விட்டது. நம் வீடுகளிலிருந்து போகவில்லை. பேச்சு வராத மூன்று வயதுப் பிள்ளையின் அம்மாவைக் கேளுங்கள், எத்தனை பேர் என்ன சொன்னார்கள் என்று. ‘நீ பேச்சுக் கொடுத்திருந்தா பேசியிருப்பான்’, ‘செல்லைக் கையில குடுத்துட்டு நீ வேலைக்குப் போயிட்டே’, ‘மாசமா இருக்கும்போது எதுக்குப் பயந்தே?’ அப்பாவைப் பார்த்து இந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. பிள்ளையைச் சிகிச்சைக்கு அழைத்துப் போகும் பஸ் பயணமும் அவளுக்கு, பழியும் அவளுக்கு.

பெற்றோரின் வளர்ப்பு முறைக்கும் பிள்ளையின் குணத்துக்கும் உள்ள தொடர்பையே சந்தேகித்தவர்களும் உண்டு. பிள்ளையின் குணத்தை வடிவமைப்பதில் மரபணுவுக்கும் கூட்டாளிகளுக்கும்தான் பெரும்பங்கு என்று 1998இல் ஜூடித் ரிச் ஹாரிஸ் எழுதிய நூல் பெரிய சர்ச்சை ஆனது. ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் குணத்தில் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பது குறைவு என்ற இரட்டையர் ஆய்வு முடிவுகள் அவர் பக்கம் நின்றன. குணம் என்ற அளவில் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். கூச்சக்காரப் பிள்ளையைக் கலகலப்பானவனாக எந்தத் தாயாலும் மாற்றிவிட முடியாது. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் வயிறு நிறைந்த வீடுகளில் நடந்தவை. பால் கிடைக்குமா, தடுப்பூசி போடுவார்களா, ஐந்தாம் வகுப்போடு படிப்பு நிற்குமா என்ற கேள்விகள் உள்ள வீட்டில் பெற்றவர்களின் பங்கை அந்த அளவுகோல் காட்டாது.

நம் பழைய இலக்கியம் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தது. புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார், ஓர் இளைஞன் உருவாவதற்கான பொறுப்பைத் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், அந்த இளைஞன் என ஐந்து பேருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார். போர்க்காலத்துப் பாட்டு, அது சொல்லும் ஆண்மை இலட்சியம் நமக்கு இன்று வேண்டாம். அந்தப் பங்கீடு வேண்டும்.

உயிரியலும் இதையே சொல்கிறது. மனிதக் குட்டியை ஒரு தாய் தனியாக வளர்த்துவிட முடியாது, கூட வளர்க்கும் ஆட்கள் இருந்ததால்தான் நம் இனம் பிழைத்தது என்பது சாரா ஹெர்டி 2009இல் வெளியிட்ட நூலின் வாதம். ரெபெக்கா சியரும் ரூத் மேஸும் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் 1950 முதல் 1974 வரை பதிவான கிராமக் கணக்குகளைப் பார்த்தார்கள். பால் மறக்கும் வயதுப் பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றியதில் தாய்க்கு அடுத்து நின்றது அம்மாவைப் பெற்ற பாட்டி. அவள் இருந்த வீட்டில் பிள்ளை நன்றாக வளர்ந்தது, பிழைத்தது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரும் நம் வழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் அறிவு இதுதான். அக்காவும் அத்தையும் இந்தக் கணக்கில் வருவார்கள். அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாதபோது, தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தது அவருடைய அக்கா ஜொகரா. தன் வரலாற்று நூலில் கலாம் இதை நன்றியோடு எழுதியிருக்கிறார்.

ஏதாவதொரு புதன்கிழமை ஒரு துணை சுகாதார நிலையத்துக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். தடுப்பூசி நாள். நிலக்கோட்டைப் பக்கம், மல்லிகை விளையும் ஊர் என்று வைத்துக்கொள்வோம். உத்தரத்தில் தொங்கும் தராசில் தூளி மாட்டிப் பிள்ளையைப் போடுகிறார்கள். பிள்ளை காலை உதைத்து அழுகிறது, முள் நிற்க மாட்டேன் என்கிறது. நர்சம்மா அட்டையைப் பார்க்கிறார்.

“ஏம்மா, போன மாசத்துக்கு நூறு கிராம்கூட ஏறலையே. என்னதான் குடுக்கிறே?”

“எல்லாந்தான் குடுக்குறேன் நர்சம்மா. விடியுமுன்ன பூவெடுக்கப் போயிட்டு ஒம்பது மணிக்குத்தான் வாரேன். அதுவரைக்கும் எங்கத்தைகிட்டதான் இருக்கான்.”

அத்தை பின்னால் நிற்கிறார். “சத்துமாவு கரைச்சா துப்பிருதான் தாயி. எனக்கும் கண்ணு தெரியல, அடுப்படிக்கும் இவங்கிட்டயும் மாறி மாறி நடக்க முடியல.”

கேள்வி தாயிடம் போனது. பதிலுக்குப் பின்னால் பூ மார்க்கெட்டின் நேரமும், மாமியாரின் கண்புரையும், காலை ஒன்பது மணிக்கு முன் திறக்காத அங்கன்வாடியும் இருந்தன. அட்டையில் எடையை எழுத ஒரு கட்டம் உண்டு. இவற்றை எழுத இடம் இல்லை.

தமிழ்நாட்டில் இதை உணர்ந்து செய்த காரியங்களும் இருக்கின்றன. 1980இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டது. எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குச் சத்துருண்டை கொடுத்தது, தேறியதும் நிறுத்தியது. அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, கிராம ஊட்டச்சத்துப் பணியாளரைத் தேர்ந்தெடுத்த முறை. வீட்டில் வறுமை இருந்தும் பிள்ளையைத் திடமாக வளர்த்த உள்ளூர்த் தாய்மார்களை முடிந்தவரை தேடி எடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி செய்து காட்டியதை இன்னொரு தாய் நம்புவாள் அல்லவா? கடுமையான ஊட்டக்குறைவு அந்தப் பகுதிகளில் கணிசமாகக் குறைந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டதோடு, விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் ஆயிரக்கணக்கில் வேலை கொடுத்தது, அவர்களும் தாய்மார்கள்தான். 2022இல் வந்த காலை உணவுத் திட்டம், விடியற்காலையில் வேலைக்குப் போகும் பெண்ணின் தலையிலிருந்து ஒரு வேளைச் சமையலை இறக்கியது.

தாயின் மனநிலைக்கு வருகிறேன். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமப் பெண்களைப் பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தொடர்ந்து பார்த்து 2002இல் எழுதினார்கள்: பிரசவத்துக்குப் பின் நூற்றில் 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு நோய் வந்தது. வரவழைத்த காரணங்கள்: குறைந்த வருமானம், ஆணை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கைவேலைக்கு உதவ ஆள் இல்லாதது. கோவாவில் விக்ரம் படேல் குழு அதே காலத்தில் செய்த ஆய்வும் வறுமையையும், பெண் குழந்தையையும், கணவனின் அடியையும் காட்டியது. அந்தத் தாய்மார்களின் பிள்ளைகள் ஆறாம் மாதத்தில் எடை குறைந்து இருந்தார்கள்.

இதற்கு மருந்து இருக்கிறது, விலையும் அதிகமில்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் அதிஃப் ரஹ்மான், ஊர் சுகாதாரப் பணிப்பெண்களுக்குச் சிறிய பயிற்சி கொடுத்தார். அவர்கள் மனச்சோர்வில் இருந்த தாய்மார்களின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினார்கள், வீட்டாரையும் பேச்சில் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு மாதம் கழித்து, இந்தப் பேச்சுத்துணை கிடைத்தவர்களில் நோய் நீடித்தவர்கள் 23 சதவீதம். வழக்கமான வருகை மட்டும் கிடைத்தவர்களில் 53 சதவீதம். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி கூடியது, தாயும் தகப்பனும் பிள்ளையோடு விளையாடுவது அதிகரித்தது. லான்செட்டில் 2008இல் வந்தது அந்த முடிவு. நம் ஊரில் பேறுகாலம் முடிந்த பெண்ணிடம் தையல் ஆறியதா, பால் வருகிறதா என்று கேட்கிறோம். ‘நீ எப்படிம்மா இருக்கே?’ என்று கேட்க யாருக்கும் நேரம் ஒதுக்கப்படவில்லை.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1980களில் சாலி கிரந்தம்-மெக்ரகர் செய்தது இன்னும் நீண்ட காலம் பேசுகிறது. வளர்ச்சி குன்றிய 129 ஏழைப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள், ஊர்ப் பணிப்பெண் ஒருவர் போனார். வீணாய்ப்போன டப்பா, மூடி, அட்டையில் செய்த பொம்மைகளை வைத்துப் பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். அந்தப் பிள்ளைகள் 22 வயதில் சம்பாதித்தது, வருகை கிடைக்காத பிள்ளைகளைவிட 25 சதவீதம் அதிகம். தாயின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாய்க்கு அருகில் வாரம் ஒருமுறை இன்னொரு பெண் உட்கார்ந்திருந்தாள், அவளுக்குச் சம்பளமும் கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பணம் யார் கையில் என்பதும் பிள்ளையின் உடம்பில் தெரிகிறது. பிரேசில் கணக்குகளை வைத்து டங்கன் தாமஸ் 1990இல் எழுதியதன்படி, உழைப்புக்கு அப்பால் வரும் பணம் தகப்பன் கையில் சேர்வதைவிடத் தாய் கையில் சேர்ந்தால் குழந்தை பிழைப்பதில் ஏறத்தாழ இருபது மடங்கு பலன். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடியும் காலத்தில் கறுப்பின முதியோருக்கும் ஓய்வூதியம் விரிவானபோது, அது பாட்டிக்கு வந்த வீட்டில் பேத்திகள் உடம்பு தேறினார்கள், தாத்தாவுக்கு வந்த வீட்டில் அப்படி ஒரு மாற்றமும் தெரியவில்லை என்று எஸ்தர் டுஃப்லோ 2003இல் காட்டினார். 2023 செப்டம்பரில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கியது. அதை இலவசம் என்று ஏளனம் செய்கிறவர்கள் இந்த ஆய்வுகளைப் படிக்க வேண்டும்.

நேரம் பணத்தைவிடவும் அரிதானது. 2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். அவளால் பிள்ளைக்குக் கதை சொல்ல முடியவில்லை என்றால் மனம் இல்லாததால் அல்ல. இவ்வளவு வேலையையும் அவளிடம் கொடுத்த சமூகம் உரிமையை எப்படிக் கொடுத்தது என்பதற்கு ஒரு வழக்கு போதும். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984இல் தன் மகன் பேரில் கடன்பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, தகப்பனின் கையெழுத்து வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்புச் சட்டம் தகப்பனை முதல் காப்பாளராகவும், அவருக்குப் பிறகு தாயையும் சொல்கிறது. 1999இல் உச்ச நீதிமன்றம், ‘பிறகு’ என்பதைத் தகப்பன் இறந்த பிறகு என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை, அவர் பொறுப்பில் இல்லாதபோதும் தாயே காப்பாளர் என்று விளக்கம் கொடுத்தது. சட்டத்தின் வரி மட்டும் அப்படியே இருக்கிறது.

2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் 26 வாரச் சம்பள விடுப்பையும், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓர் ஆண்டு விடுப்பு. பூவெடுக்கிறவளுக்கும், சித்தாளுக்கும், தீப்பெட்டி ஒட்டுகிறவளுக்கும், வீட்டு வேலை செய்கிறவளுக்கும் அந்தச் சட்டத்தின் விடுப்பும் இல்லை, காப்பகமும் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி தவணை தவணையாக வருகிறது. பிள்ளை தவழ ஆரம்பிக்கும் முன்பே அவள் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். 1969இல் டெல்லி ராஜ்காட்டில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டுமான இடத்தில் கூலிப் பெண்களின் பிள்ளைகள் மண்ணில் கிடப்பதைப் பார்த்த மீரா மகாதேவன், அங்கேயே ஒரு கொட்டகை போட்டு மொபைல் கிரஷ் அமைப்பைத் தொடங்கினார். 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் வேலை இடத்துக்கு வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்துக் கூலி கொடுக்க வேண்டும் என்று எழுதியது. ஆக, வழி என்ன என்பது ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியும். அங்கன்வாடி விடியற்காலை ஐந்து மணிக்குத் திறக்கும் ஊர் எது என்று பூ பறிக்கும் பெண் கேட்டால், ஊராட்சியும் மாவட்ட நிர்வாகமும் பெயர் சொல்லக்கூடிய நிலை வர வேண்டும். அந்த நேரத்துக்கு இரண்டு பணியாளர்களுக்குச் சம்பளம், ஒரு விளக்கு, பிள்ளைகள் படுக்கத் தூளி, காய்ச்சிய பால்: இதற்கு ஆகும் செலவு, வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பில் வரட்டும்.